ஆக்கக்கூடமா, காட்சிக்கூடமா? தமிழ்ப்பள்ளி மேக்கர்ஸ்பேஸ் பற்றி ஒரு விமர்சனப் பார்வை

தமிழ்ப்பள்ளிகளின் முகநூல் பக்கங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இந்தப் படம் பழக்கமானது. புதிதாகச் சாயம் பூசிய ஓர் அறை. வாசலில் ரிப்பன். சிறப்பு விருந்தினர், பள்ளி வாரியத் தலைவர், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், தலைமையாசிரியர் என்று வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் கண்ணாடி அலமாரியில் முப்பரிமாண அச்சு இயந்திரம், ரோபோ பெட்டிகள். சுவரில் பெரிய எழுத்தில் 'மேக்கர்ஸ்பேஸ்' அல்லது 'புத்தாக்க அறை'. பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஓரத்தில், கையைக் கட்டிக்கொண்டு.

இந்தக் கட்டுரை அந்த அறையைப் பற்றியது. அதற்காக அலைந்து பணம் திரட்டியவர்களைக் குறை சொல்வது நோக்கமல்ல. சனிக்கிழமையில் வந்து சுவருக்குச் சாயம் அடிக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே நிறைய பேர். ஆனால், அறையைத் திறந்து ஆறு மாதம் கழித்து உள்ளே என்ன நடக்கிறது என்று நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதே இல்லை. கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியருக்குத் தொடக்கப்பள்ளி அறையில் என்ன வேலை என்று தோன்றலாம். நகர்ப்பள்ளியோ தோட்டப்பெயர் தாங்கிய சின்னப் பள்ளியோ, கோத்தா திங்கி வட்டாரப் பிள்ளைகள் 13 வயதில் வந்து உட்காருவது எங்கள் படிவம் ஒன்று வகுப்பில்தான். ஆறு ஆண்டில் அவர்கள் கை எதைப் பழகியது, வாய் எதைப் பழகியது என்பது முதல் மாதத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் நின்று பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: ஓர் ஆக்கக்கூடத்தை அங்கே இருக்கும் கருவிகளைக் கொண்டு அளக்கக்கூடாது. பிள்ளையின் கை என்ன செய்தது, செய்ததை அந்தப் பிள்ளை தமிழில் எப்படிச் சொன்னது என்ற இரண்டைக் கொண்டே அளக்க வேண்டும்.

முதலில் பெயர்

மேக்கர்ஸ்பேஸ் என்பதற்கு ஆக்கக்கூடம், உருவாக்கக்கூடம், படைப்பாக்க அறை என்று பல பெயர்கள் புழங்குகின்றன. நான் ஆக்கக்கூடம் என்றே எழுதுகிறேன். உண்மையில் இதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று உண்டு: பட்டறை. கொல்லன் பட்டறை, தச்சுப் பட்டறை, தறிப் பட்டறை. அங்கே நெருப்பு இருந்தது, தூசி இருந்தது, பக்கத்தில் நின்று பார்த்துப் பழகும் சிறுவனும் இருந்தான். இப்போது நம் நாட்டில் பட்டறை என்றால் என்ன பொருள்? குளிரூட்டிய மண்டபத்தில் உட்கார்ந்து, திரையில் ஓடும் படவில்லைகளைப் பார்த்து, மதியம் சாப்பிட்டுவிட்டு, சான்றிதழ் வாங்கிக்கொண்டு வருவது! கையில் ஒரு சுத்தியல்கூட இல்லாமல் நாம் எத்தனை பட்டறைகளை முடித்திருக்கிறோம்! அந்தச் சொல்லுக்கு நேர்ந்ததே இந்த அறைக்கும் நேர்ந்துவிடக் கூடாது.

இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் பட்டயப் பயிற்சியில் நம்மில் பலர் படித்த பெயர்தான், சீமோர் பாப்பர்ட். பியாஜேயிடம் பணியாற்றியவர். பிள்ளைகளுக்கான லோகோ என்ற நிரல்மொழியை 1967இல் சகாக்களுடன் சேர்ந்து உருவாக்கியவர். 1980இல் வெளிவந்த அவருடைய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் அடிப்படைக் கருத்து எளியது. பிறருக்குக் காட்டக்கூடிய, பிறர் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளைத் தானே செய்யும்போதுதான் பிள்ளையின் மனத்தில் அறிவு நன்றாக உருவாகிறது. சின்ன வயதில் பற்சக்கரங்களோடு விளையாடிய பழக்கம் பிற்காலத்தில் தமக்குக் கணிதத்தைப் புரியவைத்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

அதற்குப் பிறகு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நீல் கெர்ஷன்ஃபெல்டின் முயற்சியில் ஃபேப்லேப் கூடங்கள் வந்தன. 2005இல் 'மேக்' இதழ் வந்தது, 2006இல் மேக்கர் ஃபேர் கண்காட்சி வந்தது. நம் நாட்டில் 2016இல் எம்டெக் நிறுவனம் கல்வியமைச்சோடு சேர்ந்து 'மை டிஜிட்டல் மேக்கர்' இயக்கத்தைத் தொடங்கியது. 2017 ஜனவரியிலிருந்து கணினிச் சிந்தனை பாடத்திட்டத்துக்குள் வந்தது.

ஆனால் நம் பள்ளிகளுக்கு இது அத்தனை புதியதல்ல. வாழ்வியல் திறன் என்ற பாடம் அதற்கு முன்பே இருந்தது. கே.எஸ்.எஸ்.ஆர். பாடத்திட்டத்தில் 2014 முதல் நான்காம் ஆண்டிலிருந்து வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடமும் இருக்கிறது. சிக்கலை அடையாளம் காண்பது, வரைவது, செய்வது, சோதிப்பது, திருத்துவது எல்லாம் அந்தப் பாடத்திலேயே உண்டு. அப்படியென்றால் புதிய அறை எதற்கு? அந்தப் பாடம் இன்று பல இடங்களில் பாடநூலைப் பார்த்துப் பயிற்சித்தாளை நிரப்பும் பாடமாகச் சுருங்கிவிட்டது. அதை மறுபடி கையால் செய்ய வைப்பதற்கு ஓர் இடம் வேண்டும். ஆக்கக்கூடத்துக்கு இருக்கக்கூடிய நியாயமான காரணம் இது ஒன்றே என்பேன்.

முதலில் கருவி, அப்புறம் யோசனை

கருவியை வாங்கி வைத்தால் கற்றல் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை நம் கல்வித் துறையில் நீண்ட காலமாக இருக்கிறது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் ஒளிவீழ்த்தியும் கொடுத்தார்கள். பிறகு அந்தக் கொள்கையே மாறியது. 2011இல் ஒப்பந்தமான ஒன்பெஸ்தாரிநெட் ஏறக்குறைய 10,000 பள்ளிகளுக்கு இணையமும் மெய்நிகர் கற்றல் தளமும் தருவதாக இருந்தது. அந்தத் தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019இல் அந்தத் திட்டம் முடிவுக்கு வந்தது. பொருள் வந்தது, பழக்கம் வரவில்லை.

ஆக்கக்கூடத்திலும் இதே கதை திரும்புகிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு முப்பரிமாண அச்சு இயந்திரம். வகுப்பில் 30 பிள்ளைகள். ஒரு சின்னப் பொம்மை அச்சாக அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், எல்லாருக்கும் ஒன்று செய்ய 15 மணி நேரம் வேண்டும். இந்தப் பாடத்துக்கு வாரத்தில் கிடைப்பது ஒரு மணி நேரம்! ஆக என்ன நடக்கும்? ஆசிரியர் முன்கூட்டியே அச்சிட்டு வைப்பார், பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். தொலைக்காட்சி பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்தியாவின் அட்டல் டிங்கரிங் லேப் திட்டத்திலிருந்து இங்கே ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். 2016இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. அதாவது ஏறக்குறைய ஒரு லட்சம் ரிங்கிட். அதில் பாதிதான் கூடத்தை அமைப்பதற்கு. மீதிப் பாதி ஐந்து ஆண்டுகள் அதை நடத்துவதற்கு. நம்மிடம் அத்தனை பணம் இல்லை, இருக்கட்டும். ஆனால் அந்தப் பிரிப்பைக் கவனியுங்கள். நம் பள்ளிகளில் திரட்டிய பணம் முழுவதும் திறப்பு விழாவுக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. மறு வருடம் பசைக்கும் மின்கலத்துக்கும் ஆசிரியரே தன் பையில் கைவிடுகிறார். இன்னொன்றும் உண்டு: அந்தத் திட்டம் ஆறாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிப்பவர்களுக்கானது. நாம் பேசுவதோ ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைப் பற்றி. பெரிய பிள்ளைகளின் பட்டியலை அப்படியே எடுத்து இவர்களுக்கு வாங்கினால் அது பூட்டிய அலமாரியில்தான் கிடக்கும்.

சாவி வளையமும் தங்கப் பதக்கமும்

ஸ்டான்ஃபோர்டில் பள்ளி ஃபேப்லேப்களை நடத்திய பாவ்லோ பிளிக்ஸ்டைன் 2013இல் எழுதிய கட்டுரையில் ஒரு 'நோய்க்கு'ப் பெயர் வைத்தார்: சாவி வளைய நோய். லேசர் வெட்டி இயந்திரத்தில் பெயர் பொறித்த சாவி வளையம் செய்யப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். பார்க்கக் கடையில் வாங்கியது மாதிரி இருந்தது, எல்லாரும் பாராட்டினார்கள். அப்புறம் அவர்கள் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள். கடினமான எதிலும் கை வைக்க விருப்பம் இல்லை. குறைந்த உழைப்பில் நிறைந்த பாராட்டு கிடைத்தால் யார்தான் அடுத்த படிக்கு ஏறுவார்கள்?

நம்மிடம் இந்த நோய் வேறு வடிவத்தில் வந்திருக்கிறது. அதன் பெயர் பதக்கம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் போய்விட்டது. 'ஏழு ஏ' எடுத்த பிள்ளையின் படம் நாளிதழில் வந்த இடத்தில் இப்போது அனைத்துலகப் புத்தாக்கப் போட்டியில் தங்கம் வென்ற குழுவின் படம் வருகிறது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் நாடு கடந்து மேடை ஏறுவது சின்ன விஷயம் இல்லை. தோட்டத்துப் பிள்ளை விமானம் ஏறி, தன் படைப்பை வெளிநாட்டு நீதிபதி முன் விளக்குவது நம் சமூகத்துக்குப் பெரிய நம்பிக்கை. அதை நான் மறுக்கவில்லை.

ஆனாலும் இரண்டு உண்மைகளை ஆசிரியர்களான நாம் நமக்குள்ளாவது பேச வேண்டும். ஒன்று, இப்படிப்பட்ட பல போட்டிகளில் தங்கம் என்பது முதலிடம் அல்ல. குறிப்பிட்ட புள்ளி வரம்பை எட்டிய எல்லாக் குழுவுக்கும் தங்கம் உண்டு. இரண்டு, அந்தப் படைப்பில் பிள்ளையின் கை எவ்வளவு, ஆசிரியரின் கை எவ்வளவு? இரவு பத்து மணிக்கு ஆசிரியர் கம்பி பற்றவைத்து, பதாகை வடிவமைத்து, விளக்க உரையும் எழுதிக் கொடுக்க, பிள்ளை அதை மனப்பாடம் செய்து ஒப்புவித்தால் அது பேச்சுப் போட்டிதானே? ஐந்து பிள்ளைகள் மேடையில் நிற்க, மீதி நூறு பிள்ளைகள் அந்த அறையின் கதவைத் தாண்டியதே இல்லை என்றால், அந்தக் கூடம் யாருக்கு?

போட்டியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஆஸ்டி எனப்படும் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கச் சங்கம் தமிழ்ப்பள்ளிகளுக்காக நடத்திவரும் அறிவியல் விழா, சோதனை செய்து பார்க்கும் ஆசையைப் பல பள்ளிகளில் விதைத்திருக்கிறது. அந்த விழாவுக்குப் போகும் ஐந்து பேர், வகுப்பில் எல்லாரும் செய்து பார்த்த வேலையிலிருந்து வளர்ந்து வந்த ஐந்து பேராக இருக்க வேண்டும். நான் கேட்பது இதுதான்.

தமிழில் செய்ய மூன்றே ஆண்டு

இனி, தமிழாசிரியராக எனக்கு மிக முக்கியமான பகுதி.

ஒரு பிள்ளை தன் வாழ்நாளில் வடிவமைப்பையும் தொழில்நுட்பத்தையும் தமிழில் படிப்பது எத்தனை ஆண்டு? நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு, மொத்தம் மூன்றே ஆண்டு. படிவம் ஒன்றில் அதே பாடம் மலாய்மொழிக்கு மாறிவிடுகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு மொழிப்பாடம் மட்டுமே. அதன்பின் தொழிற்கல்லூரியோ பல்கலைக்கழகமோ, எங்குமே ஒரு திருகாணியைத் தமிழில் முடுக்கும் வாய்ப்பு இல்லை. தமிழ்ப்பள்ளியின் அந்த அறை ஒன்றுதான் கருவியும் தமிழும் ஒரே நேரத்தில் பிள்ளையின் கையில் இருக்கும் இடம். அங்கேயும் ஆசிரியர் 'ஓகே, நெக்ஸ்ட், இந்த பார்ட்டை அட்டாச் பண்ணுங்க' என்று சொன்னால், அந்த மூன்று ஆண்டும் போச்சு.

படிவம் ஒன்றில் நான் அடிக்கடி கொடுக்கும் பயிற்சி ஒன்று: காகிதக் காற்றாடி செய்யும் முறையைப் பத்து வரியில் எழுதுங்கள். நல்ல மதிப்பெண் வாங்கி வந்த பிள்ளைகள்கூட இப்படித்தான் எழுதுகிறார்கள்: 'முதலில் காகிதத்தை எடுக்க வேண்டும். பிறகு அதை வெட்ட வேண்டும். பிறகு நடுவில் செய்ய வேண்டும். பிறகு குச்சியில் செய்ய வேண்டும்.' மரபுத்தொடருக்குப் பொருள் கேட்டால் டக்கென்று சொல்வார்கள், ஆனால் கை செய்யும் வேலைக்குச் சொல் கிடைப்பதில்லை. எல்லா வினையையும் 'செய்', 'பண்ணு' என்ற இரண்டு வினைகள் விழுங்கிவிட்டன.

தமிழின் செல்வம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெட்டு, நறுக்கு, அரி, அறு, சீவு, கீறு, தறி, கொய், கத்தரி. அத்தனையும் வெட்டுவதுதான். ஆனால் கத்தியின் கோணம், பொருளின் தன்மை, கையின் வேகம் ஒவ்வொன்றிலும் வேறு. கீரையை அரிகிறோம், வெங்காயத்தை நறுக்குகிறோம், பென்சிலைச் சீவுகிறோம், மரத்தை அறுக்கிறோம், துணியைக் கத்தரிக்கிறோம். சேர்ப்பதற்கும் அப்படியே: ஒட்டு, பொருத்து, செருகு, கோர், தொடு, பின்னு, முடை, முடிச்சிடு, பிணை, இணை. பூவைத் தொடுக்கிறோம், மணியைக் கோர்க்கிறோம், கூடையைப் பின்னுகிறோம், ஓலையை முடைகிறோம். இவை அகராதியில் படித்து வரும் சொற்கள் அல்ல. கையில் பொருள் இருந்தால் மட்டுமே நாவில் ஒட்டும் சொற்கள்.

நான் தூய்மைவாதம் பேசவில்லை. நம்ம பிள்ளைங்க கத்தரிக்கோலைக் 'குந்திங்' என்பார்கள், பசையைக் 'காம்' என்பார்கள், ஆணியைப் 'பாக்கு' என்பார்கள். 'டீச்சர், பாக்கு எங்கே?' என்று கேட்டால் வெற்றிலைத் தட்டைத் தேட வேண்டியதில்லை, ஆணிப் பெட்டியை எடுத்துக் கொடுக்கலாம்! பெயர்ச்சொல்லைக் கடன் வாங்கினால் மொழி தாங்கும். எல்லா மொழியும் அப்படித்தான் வளர்ந்திருக்கிறது. சென்சார், மோட்டார் என்று எழுதுவதில் எனக்குத் தடையில்லை. ஆனால் வினைச்சொல் போனால் அந்த மொழியில் வேலை செய்யும் பழக்கமே போய்விடும். 'சென்சாரைத் தகரத் துண்டோடு பிணைத்து, மோட்டாரின் அச்சில் செருகு' என்பது நல்ல தமிழ். 'உணரியை இயக்கியில் செய்' என்பது தமிழே அல்ல.

ஆகவே ஆக்கக்கூடத்தில் கட்டாயம் இருக்க வேண்டிய முதல் பொருள் ஒரு குறிப்பேடு என்பேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. என்ன செய்ய நினைத்தேன், எப்படிச் செய்தேன், எங்கே பிழைத்தது, எதை மாற்றினேன். நான்கே கேள்விகள். ஒவ்வொரு முறையும் நான்கைந்து வரி. இதைத் தமிழ்ப்பாட ஆசிரியரும் சேர்ந்து பார்க்கலாம். வகுப்பறைசார் மதிப்பீட்டுக்குச் சான்றாகவும் ஆகும். செய்முறை விளக்கம், அறிக்கை, அனுபவக் கட்டுரை என்று தமிழ்ப்பாடத்தில் நாம் தனியே போராடிச் சொல்லிக்கொடுக்கும் வடிவங்கள் எல்லாம் அந்தக் குறிப்பேட்டிலிருந்தே முளைத்து வரும்.

எது ஆக்கம், யாருடைய ஆக்கம்?

2013இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஃபேப்லேர்ன் மாநாட்டில் லியா பியூக்லி என்ற ஆய்வாளர் 'மேக்' இதழின் அட்டைப்படங்களை எடுத்துக் காட்டினார். பெரும்பாலும் ஆண்கள், சிறுவர்கள். பொருள்களோ ரோபோ, வாகனம், மின்னணுக் கருவி. தையலும் நெசவும் மண்பாண்டமும் ஏன் ஆக்கம் ஆகவில்லை என்பது அவர் எழுப்பிய கேள்வி. துணியில் மின்கடத்தும் நூலால் தைத்து விளக்கெரிய வைக்கும் பலகையை உருவாக்கியவரே அவர்தான்.

நமக்கு இது நன்றாகவே பொருந்தும். மாவிலைத் தோரணம், தென்னோலைத் தோரணம், பூச்சரம், கோலம், காவடிக்கான அலங்காரம் எல்லாம் நம் வீடுகளில் இன்னும் நடக்கும் வேலைகள். பால்மரம் சீவிய தாத்தாவுக்குக் கத்தியின் சாய்வு எத்தனை என்று தெரியும். ஆழமாய்ப் போனால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் வராது. இந்த அறிவைக் கூடத்துக்குள் அழைத்தால், 'எனக்கு ரோபோ வராது டீச்சர்' என்று ஒதுங்கும் பெண்பிள்ளையும் உள்ளே வருவாள், படிக்காத பாட்டியும் வருவார். பள்ளிக்கு ஒரு பயிற்றுநரும் இலவசமாகக் கிடைப்பார்.

கோத்தா திங்கியில் எதைச் செய்வது?

பெட்டியில் வரும் ரோபோ எங்கும் ஒன்றுதான். கோடு போட்ட தாளில் ஓடும், தடையைக் கண்டால் திரும்பும். அது எந்த ஊர்ச் சிக்கலையும் தீர்க்காது. எங்கள் ஊருக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. அது தண்ணீர்.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தில் கோத்தா திங்கி நகரமே மூழ்கியதை இங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் சொல்லும். ஜொகூர் ஆறு ஏறினால் கடை மூடும், பள்ளி மூடும், சில பள்ளிகள் துயர்துடைப்பு மையமாகும். இன்றைய ஆண்டு ஐந்து பிள்ளை அப்போது பிறக்கவில்லை. ஆனால் வீட்டில் கேட்டால் கதை கிடைக்கும். இங்கேயே ஓர் ஆக்கக்கூட வேலை தொடங்குகிறது.

முதல் படி, மழைமானி. ஒன்றரை லிட்டர் பாட்டிலின் மேற்பகுதியைக் கத்தரித்து, கவிழ்த்து, புனல்போல் வைத்தால் போதும். பிள்ளைகள் பக்கத்தில் அளவுகோல் ஒட்டுவார்கள். முதல் மழையில் கணக்கு தப்பும், ஏனென்றால் பாட்டிலின் அடி சமமாக இல்லை. அடியில் கூழாங்கல் போட்டு, தண்ணீரைச் சுழியக் கோடுவரை நிரப்பி, அங்கிருந்து அளக்க வேண்டும் என்று யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். ஆசிரியர் அவசரப்பட்டு முன்னாலேயே சொல்லிவிடக் கூடாது. அந்தக் கண்டுபிடிப்புதான் பாடம்.

இரண்டாம் படி, வெள்ள மணி. பிவிசி குழாய்க்குள் ஒரு மிதவை. நீர் ஏறினால் மிதவை ஏறும். அதன் தலையில் ஒட்டிய அலுமினியத் தாள் மேலே உள்ள இரண்டு தகட்டைத் தொட்டால் மின்சுற்று முழுமையாகி மணி ஒலிக்கும். அறிவியல் பாடத்தில் படிக்கும் அதே மின்சுற்று. மின்கலம், கம்பி, சிறிய ஒலிப்பான், இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஆனால் எந்த உயரத்தில் மணி ஒலிக்க வேண்டும்? பொருள்களை மேலே தூக்கி வைக்க எவ்வளவு நேரம் வேண்டும்? 2007இல் உங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் எதுவரை வந்தது? இதற்குப் பாட்டியைக் கேட்க வேண்டும், அயலாரைக் கேட்க வேண்டும், அளந்து குறிக்க வேண்டும். நேர்காணல், கணக்கு, வரைபடம், அறிவியல், தமிழ் எல்லாம் ஒரே வேலையில் சேர்கின்றன. நீர்ப்பாசன வடிகால் இலாகா இணையத்தில் வெளியிடும் ஆற்று நீர்மட்டத்தோடு தங்கள் மழைமானிக் கணக்கைப் பிள்ளைகள் ஒப்பிட்டும் பார்க்கலாம்.

மூன்றாம் படியில், மணிக்குப் பதிலாக ஒரு மைக்ரோபிட் பலகையை வைத்து, நிரல் எழுதி, அளவைப் பதிவு செய்யலாம். கருவி இந்த இடத்தில் வந்தால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. பிள்ளைக்கே அது தேவைப்படுகிறது. (போகிற போக்கில் ஒரு வேண்டுகோள்: வெள்ளம் வரும் ஊரில் ஆக்கக்கூடத்தைத் தரைத்தளத்தில் அமைக்காதீர்கள்.)

'குப்பையே போதும்' என்பதும் சரியல்ல

இதுவரை படித்தவர்கள், 'அப்ப இயந்திரமே வேண்டாம், அட்டையும் பாட்டிலும் போதும்னு சொல்றீங்களா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

இந்தியாவில் அர்விந்த் குப்தா ஐஐடி கான்பூரில் படித்த பொறியாளர். ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தோடு சேர்ந்து கிராமத்துப் பிள்ளைகளிடையே வேலை செய்தார். சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் தீக்குச்சிகளை இணைத்து வடிவியல் உருவங்கள் செய்து காட்டினார். குப்பையிலிருந்து அவர் உருவாக்கிய பொம்மைகளின் செய்முறைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழிலும் உண்டு. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழும் 1987 முதல் இந்த வழியில்தான் பிள்ளைகளோடு பேசுகிறது. ஆசிரியர்கள் இவற்றை அவசியம் எடுத்துப் பார்க்க வேண்டும். பொருள் இல்லை என்ற சாக்கு அதோடு போய்விடும்.

ஆனால் பணமுள்ள பள்ளிக்கு ரோபோ, தோட்டப் பள்ளிக்குக் குப்பை என்று பிரிந்துவிட்டால் அது அநியாயம். எங்கள் மாவட்டத்தின் தென்கோடியில், பெங்கேராங்கில், நாட்டின் மிகப் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு, பெட்ரோ இரசாயன வளாகம் நிற்கிறது. அங்கே வேலைக்குப் போக வேண்டிய பிள்ளை நிரலையும் சென்சாரையும் பார்க்காமலே பள்ளியை முடிக்கக் கூடாது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்குப் பள்ளிதான் அதைக் காட்ட வேண்டும். ஆக, இயந்திரம் வேணும். நான் வாதாடுவது வரிசையைப் பற்றி. முதலில் கை, பிறகு கேள்வி, அதன்பின் இயந்திரம். இந்த வரிசையில் போனால் வாங்கிய இயந்திரம் தூசி படியாது.

சின்னப் பள்ளிக்குத் தள்ளுவண்டி

தமிழ்ப்பள்ளிகளில் பல, 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட குறைந்த மாணவர் பள்ளிகள். சிலவற்றில் கூட்டு வகுப்பும் நடக்கிறது. அங்கே தனி அறை கிடைக்காது, தனி ஆசிரியரும் கிடைக்கமாட்டார். கிடைக்காததற்காகக் காத்திருக்க வேண்டாம். நூல்நிலையத்து தள்ளுவண்டி ஒன்று போதும். மேல் தட்டில் கத்தரிக்கோல், அளவுகோல், இடுக்கி, திருப்புளி. நடுத் தட்டில் அட்டை, நூல், கம்பி, மின்கலம், ஒட்டும் நாடா. கீழ்த் தட்டில் பாதியில் நிற்கும் வேலைகள். வகுப்புக்கு வகுப்பு வண்டி போகட்டும். கூட்டு வகுப்பு இதில் ஒரு வசதிதான்: ஆறாம் ஆண்டுப் பிள்ளை நான்காம் ஆண்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். பழைய பட்டறையில் கற்றதும் அப்படித்தானே?

திறப்பு விழாவுக்கு முன் கேட்க வேண்டியவை

2027இல் தொடக்கப்பள்ளிக்குப் புதிய பாடத்திட்டம் வருகிறது. அதையொட்டி இன்னும் பல அறைகள் திறக்கப்படும், இன்னும் பல விற்பனையாளர்கள் பட்டியலோடு வருவார்கள். ரிப்பன் வாங்குவதற்கு முன் பள்ளிக் கூட்டத்தில் இந்தக் கேள்விகளை வைத்துப் பாருங்கள்.

1. சாவி யாரிடம் இருக்கும்? ஓர் ஆசிரியரிடம் மட்டும் என்றால், அவர் மாற்றலாகிப் போனதும் கூடமும் மூடிக்கொள்ளும். குறைந்தது மூவர் பழகியிருக்க வேண்டும்.

2. ஒரு வருடத்தில் பள்ளியின் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை மணி நேரம் தன் கையால் வேலை செய்யும்? போட்டிக் குழுவின் நேரம் இதில் சேராது.

3. திரட்டிய பணத்தில் எவ்வளவு அடுத்த ஆண்டுகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது? பாதி என்பது நல்ல குறி.

4. தோற்றுப்போன படைப்புகளை வைக்க ஓர் அலமாரி உண்டா? வெற்றி பெற்றவை மட்டும் கண்ணாடிக்குள் இருந்தால், தப்பு செய்யப் பிள்ளை பயப்படும்.

5. சூடான பசைத் துப்பாக்கி, கத்தி, பற்றவைக்கும் கோல் ஆகியவற்றுக்கு வயதுவாரியான விதி எழுதப்பட்டிருக்கிறதா? அச்சு இயந்திரம் ஓடும் அறையில் காற்றோட்டம் உண்டா? முதலுதவிப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா?

6. கருவிகளின் மேல் தமிழ்ப் பெயர் ஒட்டியிருக்கிறதா? அதைவிட முக்கியம், அங்கே நடக்கும் பேச்சு தமிழில் நடக்கிறதா?

7. இந்தக் கூடத்தில் முதல் ஆண்டு செய்யப்போகும் வேலைகளில் உங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றாவது இருக்கிறதா?

ஏழுக்கும் பதில் இருந்தால் திறப்பு விழாவைத் தாராளமாக வையுங்கள். சிறப்பு விருந்தினரையும் கூப்பிடுங்கள். ரிப்பனை மட்டும் ஒரு மாணவி வெட்டட்டும், தான் செய்ததை அவளே அவருக்கு விளக்கட்டும். எப்படிக் கத்தரித்தாள், எங்கே செருகினாள், எது பிய்ந்து போனது, மறுபடி எப்படிப் பிணைத்தாள் என்று எழுதிக் கொடுத்த தாள் இல்லாமல் அவள் தமிழில் சொன்னால், அந்த அறை ஆக்கக்கூடம்தான். அடுத்த ஆண்டு அவள் படிவம் ஒன்றுக்கு வரும்போது, காற்றாடி செய்யும் முறையை எழுத அவளுக்குப் பத்து வரி போதாது.